விசாக ஊர்வலமும் வெளியூர் விருந்தாளியும்

போர்ட் கிள்ளானில் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்குபவர், பிரிக்பீல்ட்ஸ் பௌத்த மகா விகாரத்திற்கு நடந்தே போய்விடலாம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்க 1886-இல் தொடங்கப்பட்ட ரயில் பாதைதான் இந்த வட்டாரத்தின் வரலாற்றையே மாற்றியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட துறைமுகம், 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. தமிழகத் தமிழர், இலங்கைத் தமிழர், சிங்களவர் எனப் பலரும் இந்தப் பாதையில் வந்தனர். 1894-இல் சிங்களவர்கள் சங்கம் அமைத்து எழுப்பிய விகாரமே இன்று விசாகத் திருநாளில் மக்கள் வெள்ளத்தில் மிதக்கிறது.

விளக்கு, மலர், பிக்குகளின் ஓதல், குழந்தை புத்தருக்கு நீராட்டு, மாலையில் அலங்கார ஊர்வலம். கூட்டத்தில் சீனர் உண்டு, சிங்களவர் உண்டு, தமிழரும் உண்டு. பௌத்தர் அல்லாத ஒருவர் அங்கே போகலாமா? போனால் வேடிக்கை பார்ப்பவரா, விருந்தாளியா? இந்தக் கேள்விக்கு வரலாறு தெளிவாகவே விடை சொல்கிறது.

திருவிழாவுக்காகக் காத்திருந்தவர்

கி.பி. 399-இல் சீனத்திலிருந்து நடைப்பயணமாகப் புறப்பட்டவர் பாஹியான். வழியில் கோட்டான் நாட்டில் புத்தர் சிலை ஊர்வலம் நடக்கும் என்று கேள்விப்பட்டார். உடன் வந்தவர்களில் சிலர் முன்னே போய்விட்டனர். அவரோ அந்த விழாவைக் காண்பதற்காகவே மூன்று மாதம் தங்கினார். அரசன் மகுடத்தைக் கழற்றி, வெறுங்காலுடன் நடந்து வந்து, சிலையின் முன் தலை தாழ்த்தியதை எழுதி வைத்தார்.

பின்னர் இலங்கை சென்ற அவர், அனுராதபுரத்தில் நடந்த தந்த தாது விழாவையும் பதிவு செய்தார். பத்து நாள் முன்னதாக யானை மீது ஒருவர் அமர்ந்து, முரசறைந்து செய்தி சொல்வார். அபயகிரி விகாரத்தில் தாது தொண்ணூறு நாள் வைக்கப்படும். அதே விகாரத்தில், புத்தர் சிலையின் அருகே ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைப் பார்த்ததும் தாயகம் நினைவுக்கு வந்து அவர் கண் கலங்கினார். கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணீரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கடாரமும் நாகையும்

கி.பி. 671-இல் சீனத்திலிருந்து கப்பலேறிய இட்சிங், கடாரம் வழியாகவே இந்தியா சென்றார். தென்கடல் தீவுகளில் விருந்தினரைப் பாக்கும் நறுமண எண்ணெயும் கொடுத்து வரவேற்றதையும், முரசும் இசையும் முழங்கப் புத்தர் சிலையைப் பல்லக்கிலோ தேரிலோ கொண்டு வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடும் வூ-சிங் என்ற துறவி கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தார். அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கை சென்று தந்த தாதுவை வணங்கினார்.

அந்த நாகையில்தான், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னன் சூடாமணி விகாரத்தை எழுப்பினான். சைவனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு வழங்கினான். இதனை லைடன் செப்பேடுகள் கூறுகின்றன. 1025-இல் ராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்த பிறகும் நாகையில் பௌத்தம் அழியவில்லை. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் அங்குள்ள பள்ளிகளுக்கு உரிமைகள் உறுதி செய்யப்பட்டன.

எழுதப்படாத விழா

நாகையில் 1856 முதல் சுமார் 350 புத்தர் படிமங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் பீடத்தில், அது திருவிழாவில் எழுந்தருள்வதற்காகச் செய்யப்பட்ட திருமேனி என்று தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, தமிழ்நாட்டுத் தெருவில் புத்தர் உலா வந்திருக்கிறார்! இன்று அந்தத் திருமேனி நியூயார்க்கில் ஏசியா சொசைட்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நாகையில் எஞ்சியிருந்த பழைய கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது.

அனுராதபுரத்துக்குக் கிடைத்த பாஹியானைப் போல ஒருவர் நாகை விழாவுக்குக் கிடைத்திருந்தால்? எந்த நாளில் உலா, யார் தோளில் பல்லக்கு, சோறு இட்டவர் யார் என்பதெல்லாம் இன்று தெரிந்திருக்கும். ஊர்க்காரருக்குத் திருவிழா ஆண்டுதோறும் வருவது. எழுதத் தோன்றாது. வெளியூர்க்காரருக்கே அது புதுமை. ஆகவே விருந்தாளி விழாவுக்கு இடையூறு அல்ல, அதன் சாட்சி.

விசாகம் தமிழருக்கு அந்நியமும் அல்ல. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது புத்தர் பிறந்த வைகாசி நாளில்தான். முருகன் கோயில்களில் வைகாசி விசாகம் கொண்டாடும் அதே பருவத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ் விகாரத்திலும் விளக்கு எரிகிறது. 1952-இல் இலங்கையிலிருந்து வந்து, 2006-இல் மறையும் வரை அங்கே தொண்டாற்றிய கே. ஸ்ரீ தம்மானந்த தேரர், பல இனத்தவரும் அந்த வாசலுக்கு வர வழி செய்தார்.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. காலணியைக் கழற்ற வேண்டும். சிலையை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. படம் பிடிப்பதற்காகச் சிலைக்கு முதுகு காட்டி நிற்கவும் கூடாது. புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் பணிவாகக் கேட்கலாம். பிறகு, வீடு திரும்பியதும் பார்த்ததை நான்கு வரியாவது எழுதி வைக்கலாம். நாகையின் விழாவுக்கு அந்த நான்கு வரிதான் இல்லாமல் போயிற்று.