பினாங்குக் கைதிகளும் நன்னடத்தைப் படிநிலையும்

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேறிய சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து கைதிகள் அங்கு நாடுகடத்தப்பட்டனர். பெரும்பாலோர் ஆடவர், ஜார்ஜ்டவுன் சாலைகளில் உழைத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிர்வாகம் அவர்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்தது. நடத்தை கெட்டோர் விலங்குடன் உழைத்தனர். பணிவுடையோர் சக கைதிகளைக் கண்காணிக்கும் சிற்றதிகாரிகளாயினர். முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்று நகரில் தொழில் செய்தனர். அச்சிற்றதிகாரிகளுள் ஒரு நிலையினர் 'திண்டால்' எனப்பட்டனர். படகுத் தலைவனைக் குறிக்கும் 'தண்டல்' என்பதோடு உறவுடைய சொல் இது. காவற்செலவைக் குறைக்க, கைதியே கைதிக்குக் காவலனாக்கப்பட்டான். எனவே, ஆவணங்களில் காணும் 'நல்லவன்', 'முரடன்' என்பன ஆடவரின் இயல்பைவிட, ஆட்சிக்கு அவர்கள் பயன்பட்ட அளவையே காட்டுகின்றன எனக் கருதுகிறோம். 1873இல் எஞ்சியோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் வரலாற்றை எழுதும் நாம், அம்முத்திரைகளைச் சான்றாக அன்றி ஆய்வுப் பொருளாகவே கொள்ளல் வேண்டும்.