தொட்டிலை ஆட்டலாமா?

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த அறிவுரை காதில் விழாமல் இருந்திருக்காது: "தூக்கி வச்சுப் பழக்காதீங்க, தொட்டில்ல ஆட்டிப் பழக்காதீங்க. அழட்டும், தானா தூங்கிரும்." ஏதோ புது அறிவியல் என்பதுபோலச் சொல்வார்கள். அதற்கு வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது.

1894-இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட், தாய்மாருக்காகக் கேள்வி பதிலாக ஒரு சிறு நூல் எழுதினார். ஆட்டித் தூங்க வைப்பது வேண்டாத பழக்கம், செல்லத்துக்காக அழுகிற பிள்ளையை அழுது ஓயட்டும் என்று விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நூல் பல பதிப்புகள் கண்டது. 1928-இல் உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் மேலே போனார்: பிள்ளையைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தமிட்டே ஆக வேண்டுமென்றால் இரவில் நெற்றியில் ஒன்று, காலையில் கைகுலுக்கினால் போதும். நம்மூர் ஆச்சிமார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். 1985-இல் ரிச்சர்ட் ஃபெர்பர் இதைக் கொஞ்சம் மென்மையாக்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை போய்த் தேற்றிவிட்டு வரச் சொன்னார். இன்று கைப்பேசியில் வரும் 'தூக்கப் பயிற்சி'கள் பெரும்பாலும் இந்த வம்சம்தான்.

ஹோல்டுக்கு எண்பது ஆண்டுகள் முன்னே நம் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1810-இல் மன்னர் பலராம வர்மா இறந்தபோது ஆண் வாரிசு இல்லை; இளம் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சிக்கு வந்தார். வாரிசு பிறக்காவிட்டால் கம்பெனிக்காரன் நாட்டை விழுங்கிவிடுவான் என்ற பயம். 1813 ஏப்ரலில் சுவாதித் திருநாள் பிறந்தார். அந்தப் பிள்ளைக்காக இரயிம்மன் தம்பி எழுதியதுதான் 'ஓமனத் திங்கள் கிடாவோ'. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து வீடுகளில் அதை இன்றும் கேட்கலாம். நிலவோ, பூவோ, தேனோ என்று பாட்டு முழுக்கக் கேள்விகள்தான். தூங்கச் சொல்லும் சொல் ஒன்றுகூடக் கிடையாது! நாடே காத்திருந்த குழந்தையை அதட்டவில்லை. பார்த்துப் பார்த்து வியந்தே கண்ணயர வைத்தார்கள். 1815-இல் தாய் இறந்துபோக, சித்தி கௌரி பார்வதி பாய் நாட்டையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். தாலாட்டில் வளர்ந்த பிள்ளை 'கெட்டு'ப் போகவில்லை. 16 வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் இயற்றியது.

தாலாட்டு வெறும் பாசம் மட்டுமல்ல. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. உடலின் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில்தான் மெல்லப் பிடிபடும். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை: குளியல், பால், மங்கிய விளக்கு, அதே பாட்டு. இது பழகிவிட்டால் பாட்டின் முதல் அடியிலேயே பிள்ளைக்குச் சேதி புரிந்துவிடும். முழுக்கத் தூங்கும் முன்பே, அரைத் தூக்கத்தில் படுக்கையில் கிடத்திப் பாருங்கள். தானே உறங்கும் பழக்கம் அழுகை இல்லாமலே வரும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு, பகல் தூக்கமும் சேர்த்து: மூன்று மாதம் வரை 14–17 மணி நேரம், 4–11 மாதம் 12–16, ஒன்று இரண்டு வயதில் 11–14. உங்கள் பிள்ளை நள்ளிரவில் விழித்தால் அது குறையல்ல.

பழையது எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. சேலைத் தொட்டிலில் பிள்ளையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கி உயிர்கள் போயிருக்கின்றன. மடியிலோ தோளிலோ ஆட்டுங்கள். தூங்க வைப்பது சமமான, இறுக்கமான படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல். அமெரிக்க மருத்துவர்கள் 1992-இல் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்லத் தொடங்கிய பிறகு, அங்கே தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தார்கள். தொட்டில் கட்டிய கொக்கியில் பழைய சேலை இன்னும் தொங்கினால், பிள்ளை தவழத் தொடங்கும் முன் அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பிள்ளை இல்லாத வீட்டாருக்கும் சேர்த்து. கொடைவிழாவோ, திருநாளோ, கல்யாணமோ, இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. விசேஷம் வைப்பவர்கள் மைக்செட்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.