தாத்தாவோட தோட்டாப் பெட்டி

பொங்கலுக்குப் பரணை சுத்தம் பண்ணப்ப ஒரு தகரப் பெட்டி கிடைச்சது. உள்ள பித்தளை அளவுக் குப்பி, மரக்கோல், மேசையில முடுக்கி வைக்கிற சின்ன இரும்புக் கருவி. தாத்தா தோட்டா கெட்டிச்ச சாமான்கள்.

காலித் தோட்டாவுக்குப் புதுக் கேப்பு மாட்டி, மருந்தை அளந்து கொட்டி, அட்டை வச்சு, ஈய ரவையை நிரப்பி, மேல இன்னொரு அட்டை போடுவாங்க. கருவியோட கைப்பிடியைச் சுத்தினா காகிதத் தோட்டாவின் விளிம்பு உள்ள மடிஞ்சு மூடிக்கும். 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இந்தச் சாமான்களுக்குப் பேர்போனது.

1878 ஆயுதச் சட்டத்துல நம்ம ஆளுங்க துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கணும், வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு. எங்க உத்திரமேரூர் பக்கம் தாத்தா லைசென்ஸ் வாங்கினது, வேர்க்கடலையைத் தோண்டுற காட்டுப்பன்னியை விரட்டத்தான்.

ஆனா துப்பாக்கியே வேணாம்னு சொன்ன விவசாயிகளும் நம்ம பக்கத்துலயே இருந்தாங்க. 18ஆம் நூற்றாண்டு கடைசியில வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட்டாங்க. ஊரே திரண்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, சுடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கிச்சு. 1858ல அதைப் புதுப்பிச்சும் வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் அவங்க நெல்லுக்கு உரம். அவங்க கேட்டதும் பயிருக்காகத்தான்.

பழைய துப்பாக்கி சேர்க்கிற நண்பர்களுக்கு ஒண்ணு: 1959 சட்டத்துல, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழசுக்கு விலக்கு உண்டு. சுடக்கூடியதா இருந்தா, எத்தனை வருஷப் பழசானாலும் அதைச் சுடவோ வெளியில எடுத்துட்டுப் போகவோ லைசென்ஸ் வேணும்.

தாத்தா துப்பாக்கியை அப்பவே ஒப்படைச்சாச்சு. அளவுக் குப்பியை மட்டும் துடைச்சு அலமாரியில வச்சிருக்கேன். பன்னி இன்னும் வருது.