மாதர் கழகமும் மகிளா சமிதியும்

பிறநாட்டில் முளைத்த சமூக இயக்கம் ஒன்று நம் நாட்டில் வேரூன்றவேண்டுமாயின், அதனுடன் பெரும்பொருளும் வந்தே தீரவேண்டும் எனப் பலர் எண்ணுவர். லங்கா மகிளா சமிதியின் தோற்றம் வேறொன்றைக் காட்டுகின்றது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தூய்மையற்ற பாலினால் 1889இல் தம் மகவை இழந்ததாக நம்பிய அடலெயிட் ஹூட்லெஸ் அம்மையார், மனையியலைப் பெண்கள் முறையாகக் கற்றல் வேண்டுமென வாதிட்டார். உழவர்க்குக் கழகம் உண்டெனில் அவர்தம் மனைவியர்க்கு ஏன் இல்லை என்பது அவர் வினா. 1897 பெப்ரவரியில் ஸ்டோனி கிறீக் என்னுமூரில் பெண்கள் நூற்றுவர் வரை கூட, முதல் மாதர் கழகம் தோன்றிற்று. 1915இல் கனடாவிலிருந்து சென்ற மாது ஒருவரின் முயற்சியால் இம்முறை வேல்சிலும் பரவியது. குடியேற்ற நாடு ஆள்வோர் நாட்டிற்குக் கற்பித்தது என்பது அரிதினும் அரிதன்றோ!

வங்கத்திலே சரோஜ நளினி தத்தர் 1913இல் பப்னா நகரில் மகளிர் சங்கமொன்றை அமைத்தார். அதற்கு மகிளா சமிதி என்பது பெயர். 1925இல் அவர் மறைந்தபின் எழுந்த நினைவுச் சங்கம் அப்பணியை ஊர்தோறும் கொண்டுசென்றது.

இவ்விரு மரபுகளும் 1930இல் இலங்கையிற் சந்தித்தன. சந்திக்கச் செய்தவர் மருத்துவர் மேரி இரத்தினம். 1873இல் ஒன்ராறியோவிற் பிறந்த இவர், 1896இல் மருத்துவப் பணிக்கென இங்கு வந்தார். தமிழரொருவரை மணந்தமை மிசனாருக்கு உவப்பாகவில்லை. ஆகவே அரசினர் மருத்துவமனையிலும் பின்னர்த் தனித்தும் தொழில்புரிந்தார். அம்மறுப்பை நாட்டிற்கு வாய்த்த ஊதியம் என்றே யாம் கொள்வோம். மிசன் வளவுக்குள் அடங்கியிருந்தால், எல்லாச் சமயத்துப் பெண்டிரும் அவரைத் தம்மவராகக் கருதியிருப்பரோ என்பது ஐயமே.

சமிதியின் பணி எளிய பொருள்களைப் பற்றியது: குழந்தை வளர்ப்பு, சத்துணவு, வீட்டுத் தோட்டம், கைப்பணி, சுகாதாரம். ஆயினும் கூட்டங் கூடுதல், கணக்கு வைத்தல், பலர்முன் பேசுதல் ஆகியவற்றில் கிராமத்துப் பெண் அடைந்த பயிற்சியே பெரிதென்பது எமது துணிபு. வெளிநாடு தந்தது அமைப்பின் வடிவத்தை. அதற்கு உயிர் தந்தோர் உள்ளூர்ப் பெண்டிரே. எனினும் தலைமை பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற செல்வ மகளிரிடமே இருந்ததென்பதை மறைத்தல் வரலாறாகாது.

இப்பயிற்சிக்கு அன்று தனிப்பொருள் இருந்தது. 1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் மேரி அம்மையார் பங்குகொண்டார். டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதென விதந்துரைத்தது. 1931இல் நடைமுறைக்கு வந்ததோ 21 வயதே. தோட்டத் தொழிலாளப் பெண்களுட் பலரை மட்டும் குடியுறைவு விதிகள் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. அவர்க்காகக் குரல் கொடுத்தோர் மிகச் சிலர்.

அம்மையார் 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். மக்சேசே விருது 1958இல் அவரை வந்தடைந்தபோது வயது 85. 1962இல், தாம் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இலங்கை மண்ணுக்குரியவராகவே மறைந்தார்.