தங்கவயலில் கலைத் திட்டங்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் நாடகப் பயிற்சிகளும் ஓவியப் பட்டறைகளும் மனநலத்தை உயர்த்தினவா என்று அறிய, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து வேறுபாட்டைப் பயன் என்று எழுதுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக, அமைதியாக, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, எழும்போது நன்றாக ஓய்வெடுத்த உணர்வு இருந்ததா, அன்றாடம் ஆர்வமூட்டுவதாக இருந்ததா என்று அது கேட்கிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் ஒருவரிடம் ஓய்வைப் பற்றிய கேள்விக்கு என்ன பதில் வரும் என்பதை யூகிக்க ஆய்வாளர் தேவையில்லை. எந்த நாடகப் பயிற்சியும் அந்தப் பதிலை மாற்றாது.

இம்முறையின் பெரிய பிழைகள் வேறு. முதலாவது, 'திட்டத்துக்கு முன்' என்ற நிலையை வெற்றிடமாகக் கொள்வது. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தலித் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு இங்கே வாசகர்கள் இருந்தார்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. அயோத்திதாசரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக்கியதும் இந்த ஊரில்தான். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து 1930இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. படிக்கவும் கூடிப் பேசவும் எதிர்க்கவும் பழகிய ஊர் இது. இங்கே வரும் கலைத் திட்டம் ஊரில் ஏற்கெனவே உள்ள சங்கங்களுக்கு வலுச் சேர்த்ததா, அவற்றின் இளைஞர்களை உதவித்தொகை காட்டி இழுத்துக்கொண்டதா என்று கேட்கும் பத்தி அளவுகோலில் இல்லை.

இரண்டாவது, அமைதியை நலத்தின் அடையாளமாகக் கொள்வது. சமூகக் கலைகளின் பயன்களைப் பட்டியலிட்டு ஃபிரான்சுவா மத்தராசோ 1997இல் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வை 2002இல் பாவ்லா மெர்லி கடுமையாக மறுத்தார். காரணகாரியத்தை நிறுவ அந்த ஆய்வின் வினாத்தாள்கள் போதா என்றதோடு, வறுமையின் காரணங்களைத் தொடாமல் வறியவர்களின் மனநிலையை மட்டும் மாற்ற முனைவதையும் அவர் சாடினார். தங்கவயலில் இந்த மறுப்பு இன்னும் கூர்மையாகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலுவைத் தொகை, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லைன் வீடுகளின் உரிமை, சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் தூசு, பழைய தொழிலாளர்களின் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் என மனத்தை அரிப்பவற்றுக்கெல்லாம் பெயரும் காரணமும் உண்டு. தூசைப் பற்றி நாடகம் போடும் இளைஞர் மறுநாள் அதிகாரியிடம் மனுவோடு போனால், 'அமைதி' மதிப்பெண் குறையலாம். அதைத் தோல்வி என்று குறிக்கும் மதிப்பீடு, வாயடைக்கும் திட்டத்துக்கே பரிசளிக்கும்.

எண்களே வேண்டாம் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் முன்வைக்கும் 'வாழ்க்கை மாறிய கதைகள்' பெரும்பாலும் நன்கொடையாளருக்கான சிற்றேடுதான். எனவே எதை, எப்போது கேட்பது என்பதே கேள்வி.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிய 2021ஆம் ஆண்டு விதித்திருத்தம், ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவான திட்டங்களுக்கு, முடிந்து ஓராண்டாவது கழிந்த பிறகு, தாக்க மதிப்பீட்டைக் கோருகிறது. அதுவும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். லைன்களில் நடக்கும் சிறு திட்டம் இந்த வரம்பை எட்டாது. ஆனாலும் ஓராண்டு இடைவெளி என்ற விதியை நாமே எடுத்துக்கொள்ளலாம். அப்போது எதைப் பார்ப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: காஞ்சிபுரம் வட்டாரத்தில் கட்டைக்கூத்து நாடகக் குழுக்களை ஊரார் மகாபாரதம் சார்ந்த பாரத விழாவுக்குப் பணம் கொடுத்து அழைக்கிறார்கள். கலை ஊன்றியிருப்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அரிது. இங்கேயும் ஓராண்டு கழித்துக் கேட்க வேண்டியவை உண்டு: பறையும் ஒலிபெருக்கியும் யார் வீட்டில் இருக்கின்றன, குழு தன் லைனின் நிகழ்ச்சிக்கு ஆடுகிறதா, செலவு யாருடையது.

வருகைப் பதிவேட்டையும் வேறு விதமாக வாசிக்க வேண்டும். கடைசி நாள்வரை வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் விடை நல்லதாகத்தான் வரும். இடையில் நின்றவர்களைத் தேடிப்போய்க் கேட்பதற்கு மதிப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினால், பயிற்சி நேரம் ரயில் நேரத்தோடு மோதுகிறது என்பது போன்ற எளிய காரணங்கள் இறுதி அறிக்கைவரை காத்திராமல் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.