மானுக்குத் தீவனத் தோட்டம் போடலாமா? அமெரிக்காவில் பொழுதுபோக்கு, இந்தியாவில் குற்றம் - ஏன்?

மாதாப்பூர் ஆபீஸில் லஞ்ச் பிரேக். ரீல்ஸில் ஒரு வீடியோ: காட்டோரம் சின்னதாகப் பச்சைப் பசேலென்று ஒரு பாத்தி, அதை மேய வரும் மான், மரத்தின் மேல் வில்லோடு காத்திருக்கும் ஒருவர். அதே வாரம் விகாராபாத் பக்கம் 10 குண்டா ஃபார்ம் பிளாட் வாங்கிய டீம்மேட் கேட்கிறார்: "நம்ம இடத்துலயும் இப்படி ஏதாவது விதைச்சா மான் வருமே?"

வரலாம். ஆனால் அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

அந்த வீடியோவில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் வெள்ளைவால் மானை ஈர்ப்பதற்கென்றே பயிர் வைக்கிறார்கள். கிளோவர், சோயா, ஓட்ஸ், டர்னிப் போன்றவை வழக்கமான தேர்வு. பனி விழுந்ததும் டர்னிப் இலையில் இனிப்பு கூடும். மற்ற தீவனம் குறைந்துபோகும் அந்த நேரத்தில் மான் அதைத் தேடி வரும்.

துப்பாக்கியோடு ஒப்பிட்டால் வில்லின் எல்லை குறைவு. பெரும்பாலும் 20 முதல் 40 கஜத்துக்குள் மான் வந்தாக வேண்டும். அதனால் வில் வேட்டைக்காரர்கள் பாத்தியைச் சின்னதாக, புதரை ஒட்டிப் போடுகிறார்கள். மனித வாடை மானுக்குப் போகாதபடி காற்றின் திசை பார்த்து மரத்தில் பரண் கட்டுகிறார்கள். நம் ஊரில் தினைப்புனத்தில் பரண் கட்டியது பயிரைக் காக்க. அங்கே பயிர் வைப்பதே பரணுக்காக.

அங்கே அது எப்படிச் சட்டப்படி செல்லும்?

லைசென்ஸ், சீசன், எத்தனை மான் என்ற வரம்பு எல்லாம் உண்டு. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. வில், அம்பு மீதான வரியும் பின்னர் இதில் சேர்ந்தது. ஆனாலும், சோளத்தைக் கொட்டி மானை வரவழைப்பதைப் பல மாநிலங்கள் தடை செய்கின்றன அல்லது கட்டுப்படுத்துகின்றன. ஒரே இடத்தில் மான்கள் வாய் வைத்தால், மூளையைத் தாக்கி உடலை உருக்கும் 'கிரானிக் வேஸ்டிங்' நோய் பரவும் என்ற பயம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் புள்ளிமானும் அந்தக் கதையில் இருக்கிறது. 1932 வாக்கில் டெக்சஸுக்குக் கொண்டுபோகப்பட்ட புள்ளிமான், இன்று அங்கே வருடம் முழுக்க வேட்டையாடக்கூடிய வெளிநாட்டு விலங்கு. டல்லாஸில் இருக்கும் உங்கள் நண்பர் போடும் போட்டோவில் இருப்பது அதுவாகவே இருக்கலாம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. இதன்படி 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். ஆக, வேட்டைக்காக மானுக்குத் தீவனம் வைத்தாலே மாட்டிக்கொள்வீர்கள்; அம்பு விட வேண்டியதில்லை. 'என் நிலம், என் பட்டா' என்ற வாதமும் எடுபடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான மீறல்களுக்கே 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தேசியப் பூங்கா, சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் தண்டனை இன்னும் கடுமை.

"வேட்டையே வேணாம், பார்க்க மட்டும்தான்"

உங்கள் நிலத்தில் பயிர் வைப்பது குற்றமல்ல. ஆனால் மானுக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி.

மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல், இலை, தழைக்குப் பழகியவை. திடீரென்று சோளம், அரிசி, பிரெட் என்று மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறும்; வயிறு நிறைந்தும் மான் சாகலாம். பாலிதீன் இன்னொரு எமன். சென்னை ஐஐடி வளாகத்தில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

அடுத்தது பழக்கம். உங்கள் பாத்திக்கு வந்த மான் அங்கேயே நிற்காது. பக்கத்து விவசாயியின் பயிருக்கும் போகும். வழியில் நாய்களும், காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக இழுத்த மின்வேலியும் இருக்கும். நீங்கள் வீக்கெண்டில் மட்டும் வருவீர்கள். மீதி ஐந்து நாள் மானுக்கு யார் பொறுப்பு?

அப்போ மானுக்கு என்னதான் வேண்டும்?

இடம். மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் 1970-ல் பாராசிங்கா எனும் சதுப்புநில மான் 66 மட்டுமே மிஞ்சியிருந்தது. கிராமங்கள் இடம்பெயர்ந்த நிலங்கள் புல்வெளிகளாயின. வேட்டை விலங்குகள் நுழையாத அடைப்பில் மான்கள் பெருகின. இன்று அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதுமலையில் உண்ணிச்செடியை அகற்றிப் புல்லுக்கு இடம் விடுவதும் இதே வழிதான். இதுவும் ஒருவகையில் தீவனத் தோட்டம்தான். ஆனால் நாட்டுப் புல், காட்டுக்குள், ஆய்வோடு.

ஐதராபாத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. வனஸ்தலிபுரத்தில் இருக்கும் மகாவீர் ஹரிண வனஸ்தலி ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைக்காடு. இன்று வெளிமான்களின் தேசியப் பூங்கா. மறுபக்கம், உங்கள் ஆபீஸிலிருந்து சில கிலோமீட்டரில் கஞ்ச கச்சிபௌலி. 2025 மார்ச் இறுதியில் அங்குள்ள 400 ஏக்கரில் புல்டோசர்கள் இறங்கின. ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் சுமார் 100 ஏக்கர் மரங்கள் போய்விட்டன. அந்த நாட்களில் வெளியே வந்த ஒரு புள்ளிமான் நாய்கள் கடித்து இறந்தது. அதற்குத் தீவனம் குறைவாக இருக்கவில்லை, மறைவிடம்தான் பறிபோனது.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஃபார்ம் பிளாட் காட்டை ஒட்டி இருந்தால், ஓரத்தில் நாட்டு மரங்களும் புல்லும் வளரட்டும். வெட்டிச் சுத்தம் செய்யாதீர்கள்.
• முள்கம்பி, மின்வேலி வேண்டாம்.
• பூங்காவுக்குப் போனால் சிப்ஸ், பிரெட் எதையும் நீட்டாதீர்கள்.
• அடிபட்ட மானைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கூட்டத்தையும் நாய்களையும் விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதிர்ச்சியிலேயே மான் செத்துப்போகும்.

டீம்மேட்டிடம் என்ன சொல்வது? "விதைக்கிறதை உனக்காக விதை. மானுக்குன்னா, அந்த ஓரத்தை அப்படியே விட்டுடு."