மணிப்பூரில் நடந்த ‘பர்மாப் போர்’

1944 மார்ச்சில் ஜப்பானின் பதினைந்தாம் படை சிண்ட்வின் ஆற்றைக் கடந்து மணிப்பூருக்குள்ளும் நாகா மலைகளுக்குள்ளும் நுழைந்தது. அடுத்த மூன்றரை மாதங்கள் இம்பாலிலும் கொஹிமாவிலும் நடந்த சண்டைகள், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியத் தரைப்படை அதுவரை கண்டிராத தோல்வியில் முடிந்தன. இரண்டு ஊர்களும் அன்றைய இந்தியாவிற்குள் இருந்தவை. ஆனால் பிரித்தானியப் போர் ஆவணங்களில் இது ‘பர்மாப் போர்த்தொடர்’. அங்கு போரிட்ட வீரர்களுக்கு அளிக்கப்பட்ட பதக்கத்தின் பெயரும் ‘பர்மா ஸ்டார்’. இந்திய மண்ணில் நடந்த போர் எப்படிப் பர்மாவின் கணக்கில் சேர்ந்தது?

விடை, இராணுவங்கள் உலகைக் கூறுபோடும் முறையில் இருக்கிறது. உலகம் தழுவிய போரை ஒரே தலைமையகத்திலிருந்து நடத்த இயலாது. எனவே நிலமும் கடலும் அரங்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வோர் அரங்குக்கும் எல்லை, தலைமை, கப்பல், விமானம், தளவாடம் ஆகியவற்றில் ஒரு பங்கு உண்டு. அரங்கினுள் ஒரு குறிக்கோளை நோக்கி நடக்கும் சண்டைகளின் கோவையே போர்த்தொடர். ‘தியேட்டர்’ என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்குப் ‘பார்க்கும் இடம்’ என்பது பொருள். பார்ப்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அரங்கின் எல்லையும் அமைகிறது.

இந்த எல்லைகளை மலையும் கடலும் மட்டும் வகுப்பதில்லை. 1942 மார்ச்சில் அமெரிக்கா பசிபிக்கை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மக்ஆர்தரிடமும் மற்றொன்றை நிமிட்ஸிடமும் ஒப்படைத்தது. தரைப்படையும் கடற்படையும் ஒன்றன் தலைமையை மற்றொன்று ஏற்க மறுத்தது அதற்கு முக்கியக் காரணம்.

இந்தியாவின் கிழக்கெல்லையிலும் இதுவே நிகழ்ந்தது. 1943 ஆகஸ்டில் கியூபெக்கில் கூடிய நேச நாட்டுத் தலைவர்கள் ‘தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம்’ என்னும் புதிய அரங்கை உருவாக்க முடிவு செய்தனர். மவுண்ட்பேட்டன் அதன் தலைவரானார். அதன் தலைமையகம் முதலில் டில்லியிலும் 1944 ஏப்ரலிலிருந்து இலங்கையின் கண்டியிலும் இயங்கியது. ஆக்கின்லெக்கின் கீழிருந்த இந்தியக் கட்டளையகம் ஆள்திரட்டல், பயிற்சி, வழங்கல் ஆகியவற்றுக்கான பின்தளமாயிற்று. ஸ்லிம்மின் பதினான்காம் படை புதிய அரங்கின் கீழ் வந்ததால், இம்பால் பர்மா முனையின் ஓர் ஊராயிற்று. இதே மலைகளை அமெரிக்கர்கள் 1942 முதலே ‘சீனா-பர்மா-இந்தியா அரங்கு’ என்றனர். அவர்களுக்கு அது சீனாவைப் போரில் நிலைநிறுத்துவதற்கான பாதை.

இவை வெறும் பெயர்வேறுபாடுகள் அல்ல. 1944 மார்ச்சில் இம்பால் முற்றுகையை நோக்கிச் சென்றபோது, அரக்கானிலிருந்த ஐந்தாம் இந்திய டிவிஷனை விமானங்களில் கொண்டுவர வேண்டியிருந்தது. போதிய விமானங்கள் அருகிலேயே இருந்தன. ஆனால் அவை இமயத்தைக் கடந்து சீனாவுக்குப் பொருள் சுமப்பவை. அவற்றைத் திருப்ப மவுண்ட்பேட்டனுக்கு அதிகாரமில்லை. திருப்பப் போவதாக அவர் மேலிடத்துக்கு அறிவித்தார், ஒப்புதல் கிடைத்தது. பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் அந்த டிவிஷன் வந்திறங்கியது. அறுபட்டிருந்த இம்பால்-கொஹிமா சாலை ஜூன் 22 அன்று மீண்டும் திறந்தது. வரைபடக் கோடு ஒன்று இடையில் நின்றதால், ஒரு நகரின் கதி தந்திகளின் வேகத்தைச் சார்ந்திருந்தது.

ஜப்பானியர் இதனை ‘இம்பால் நடவடிக்கை’ என்கின்றனர். அதில் இறங்கிய ஏறத்தாழ 85,000 பேரில் சுமார் 30,000 பேர் மாண்டனர். பசிக்கும் நோய்க்கும் பலியானோர் அவர்களுள் மிகப் பலர். இந்திய தேசிய இராணுவத்தினருக்கு இது டில்லியை நோக்கிய பயணம். எதிரே நின்ற பிரித்தானியப் படையிலும் பெரும்பாலோர் இந்தியரே. ஆக, ஒரே மலைச்சரிவில் இந்தியர் இருபுறமும் நின்று வெவ்வேறு பெயருள்ள போர்களைப் போரிட்டனர்.

மணிப்பூர் மக்களிடம் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: ‘ஜப்பான் லான்’. மெய்தெய் மொழியில் ‘லான்’ என்றால் போர். அப்பெயரில் அரங்கும் இல்லை, போர்த்தொடரும் இல்லை. வந்தது யார் என்பது மட்டுமே இருக்கிறது. குண்டுவீச்சுக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு அதற்கு மேல் வகைப்பாடு தேவைப்படவில்லை.

2013-இல் இலண்டனின் தேசிய இராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் இம்பால்-கொஹிமா பிரித்தானியாவின் மிகச் சிறந்த போராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தியாவின் பொதுநினைவிலோ அது வடகிழக்கின் ஓரச் செய்தியாகவே எஞ்சியிருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. காலனியப் படைக்காகப் போரிட்டவரை விடுதலை பெற்ற நாடு எப்படி நினைவுகூர்வது என்ற தயக்கமும் அவற்றுள் ஒன்று. ஆயினும், கியூபெக்கில் நிர்வாக வசதிக்காக வகுத்த ஓர் எல்லைக்கும் அதில் பங்குண்டு. அந்தக் கட்டளையகம் 1946-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அது ஒட்டிச் சென்ற ‘பர்மா’ என்னும் பெயர்ச்சீட்டு மட்டும் இம்பாலின் மீது இன்னும் இருக்கிறது.